நேயர் வாக்கு எதை எண்ணுகிறது?

ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு வானொலி தன் நேயர்களிடம் கேட்கிறது: இந்த ஆண்டு வந்த பாடல்களில் உங்களுக்குப் பிடித்த பத்து எவை? இலட்சக்கணக்கானோர் பதில் தருகிறார்கள். வாக்குகளை எண்ணி, நூறாவது பாட்டில் தொடங்கி முதலாவது பாட்டு வரை ஒரு பகல் முழுக்க ஒலிபரப்புகிறார்கள். கடைசிப் பாட்டு ஓய்ந்த கையோடு தகராறு தொடங்கிவிடும். இதுவா இந்த ஆண்டின் சிறந்த பாட்டு, இதற்கு யார் வாக்குப் போட்டார்கள் என்று.

ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் இளைஞர் அலைவரிசை டிரிபிள் ஜே. அது நடத்தும் ‘ஹாட்டஸ்ட் 100’ வாக்கெடுப்பு 1989-இல் தொடங்கியது. இசை உலகின் ஆகப் பெரிய ஜனநாயகம் என்று அந்த நிலையம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஜனநாயகம் என்றால் ஒரு கேள்வி கூடவே வருகிறது: இது யாருடைய தீர்ப்பு? நாட்டின் ரசனையா, அந்த வானொலியைக் கேட்பவர்களின் ரசனையா, வானொலியின் ரசனையே நேயர் வாய்வழியாகத் திரும்பி வருகிறதா, அல்லது கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்களின் வலிமையா? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, கொஞ்சம் ஓட்டையும் உண்டு.

விற்பனைக் கணக்கும் வாக்குச் சீட்டும்

பாடல்களை வரிசைப்படுத்தும் பழக்கம் வணிகத்தில் பிறந்தது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 1958 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஹாட் 100’, இசைத்தட்டு விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கூட்டிக் கணக்கிட்டது. அடுத்த ஆண்டே அந்தக் கணக்கின் நம்பகத்தன்மை ஆட்டம் கண்டது. பாட்டைப் போடுவதற்காக இசைத்தட்டு நிறுவனங்களிடம் அறிவிப்பாளர்கள் கையூட்டு வாங்கிய விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது. ஒலிபரப்பு எண்ணிக்கையையும் காசு கொடுத்து வாங்கலாம் என்று தெரிந்துவிட்ட பிறகு, கேட்பவரையே கேட்டுவிடலாமே என்ற எண்ணம் வலுப்பெற்றதில் வியப்பில்லை.

இரண்டையும் கலந்து பார்த்த முயற்சிக்கு நமக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. இலங்கை வானொலியிலிருந்து 1952-இல் தொடங்கி அமீன் சயானி நடத்திய இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி ‘பினாகா கீத்மாலா’. தொடக்கத்தில் பாடல்களை வரிசைப்படுத்தி அனுப்பும் நேயர்களுக்குப் பரிசு தரும் போட்டியாக இருந்தது. சில ஆண்டுகளில் தரவரிசை நிகழ்ச்சியாக மாறியபோது, இசைத்தட்டு விற்பனையோடு ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் கருத்தும் கணக்கில் சேர்ந்தது. விற்பனையை மட்டும் நம்ப முடியாது, நேயரை மட்டும் நம்பவும் முடியாது என்ற இரட்டை ஐயம் அந்த ஏற்பாட்டிலேயே பதிந்திருப்பதாகத் தோன்றுகிறது.

ஹாட்டஸ்ட் 100 இந்தக் கலப்பை ஏற்கவில்லை. பிரிஸ்பேன் நகரின் சமூக வானொலியான ஃபோர் டிரிபிள் ஸெட் 1970-களிலேயே நேயர் வாக்கில் ஒரு நூறு பாட்டுப் பட்டியல் நடத்திவந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, அறிவிப்பாளர் லாரி ஸயனின் யோசனையில் டிரிபிள் ஜேயின் முதல் பட்டியல் 1989 மார்ச்சில் ஒலித்தது. அப்போது எந்தக் காலத்துப் பாட்டுக்கும் வாக்களிக்கலாம். விளைவு, 1989-இலும் 1990-இலும் ஜாய் டிவிஷன் குழுவின் ஒரே பாட்டு முதலிடம். இப்படியே போனால் ஆண்டுதோறும் அதே பட்டியல்தான் வரும் என்று புரிய வெகுநாள் ஆகவில்லை. 1992-இல் வாக்கெடுப்பே இல்லை. 1993 முதல் அந்தந்த ஆண்டுப் பாடல்கள் மட்டும் என்று விதி மாறியது.

விதி மாறினால் விடையும் மாறும் என்பதை இந்த வாக்கெடுப்பு தன் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது. பின்னால் வந்த பல வாதங்களில் இது மறந்துபோனது.

கண்ணாடி என்போர்

முதல் நிலைப்பாடு எளியது. பட்டியல் ஒரு கண்ணாடி, நேயர்கள் எப்படியோ அப்படியே காட்டும். நிலையமே பெரும்பாலும் இந்த மொழியில்தான் பேசுகிறது. பெரிய எண்கள் இதற்குத் துணை நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு 32 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன.

ஆனால் ஒருவருக்குப் பத்து வாக்கு. ஆகவே வாக்களித்தவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சத்துச் சொச்சம் பேர்தான் என்று கொள்ளலாம். அப்போது ஏறத்தாழ இரண்டரைக் கோடி மக்கள் இருந்த நாட்டில் இது சிறிய கூட்டமல்ல. நாடும் அல்ல. அதுவும் யாரும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த மாதிரியல்ல, தாமாக முன்வந்தவர்கள்.

பத்து வாக்குக்கும் ஒரே மதிப்பு என்பது இன்னொரு நுணுக்கம். ஒருவர் உயிரையே விடும் பாட்டும், பத்தாவது இடத்தை நிரப்ப ஏதோ ஒன்று என்று சேர்த்த பாட்டும் ஒன்றுதான். எனவே பத்தாயிரம் பேர் உருகும் பாட்டை, ஐம்பதாயிரம் பேர் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தலையாட்டும் பாட்டு எளிதாக முந்திவிடும். இந்த முறை ஆழத்தை எண்ணுவதில்லை, அகலத்தை எண்ணுகிறது. முதலிடம் பெற்ற பாடல்கள் சற்றே மிதமானவை என்ற பழைய புகாருக்கு ரசனைக் குறைவைவிட இந்தக் கணக்குமுறை கூடுதலான காரணமாக இருக்கக்கூடும். ஒரே ஆண்டில் பல பாடல்கள் தந்த கலைஞர்களின் வாக்கு சிதறுகிறது என்ற வாதமும் உண்டு. 2017 பட்டியலின் முதல் பத்தில் கேங் ஆஃப் யூத்ஸ் குழுவின் மூன்று பாடல்கள் இருந்தன, முதலிடம் மட்டும் கென்ட்ரிக் லமாருக்குப் போனது. ஆனால் பத்து வாக்கு வைத்திருப்பவர் மூன்றுக்கும் சேர்த்தே போடலாம் என்பதால், சிதறல் வாதத்தை அளவோடுதான் ஏற்க வேண்டும்.

தான் போட்ட பாட்டைத் தானே எண்ணுகிறதா?

இரண்டாவது நிலைப்பாடு கடுமையானது. ஆண்டு முழுக்க எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்று தீர்மானிப்பது நிலையம். ஆண்டு முடிவில் அதே பாடல்களுக்கு நேயர்கள் வாக்களிக்கிறார்கள். வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை மாணவர் ஒப்பித்ததும் ‘பாருங்கள், மாணவரின் சொந்தச் சிந்தனை’ என்று வாத்தியாரே மெச்சிக்கொள்வது போலத்தான் இது என்பார்கள் இந்தத் தரப்பினர். டிரிபிள் ஜேயின் ஒலிபரப்பில் இடம் பிடிப்பதற்காகவே உள்ளூர்க் குழுக்கள் ஒரு குறிப்பிட்ட பாணியில் பாட்டு அமைக்கின்றன என்ற குற்றச்சாட்டும் 2014 வாக்கில் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் சூடாக விவாதிக்கப்பட்டது.

இந்த வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்வு 2013 ஜனவரியில் நடந்தது. வாக்களித்தவர்கள் தங்கள் தேர்வைச் சமூக ஊடகங்களில் பகிர நிலையமே வசதி செய்து கொடுத்திருந்தது. பிரிஸ்பேன் இளைஞர்கள் சிலர் அந்தப் பொதுப் பதிவுகளைத் திரட்டி, ‘வார்மஸ்ட் 100’ என்ற பெயரில் முன்கூட்டியே ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். திரட்டியது மொத்த வாக்கில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் மேக்லமோரின் ‘த்ரிஃப்ட் ஷாப்’ முதலிடம் பெறும் என்ற கணிப்பு பலித்தது. மறு ஆண்டு நிலையம் பகிர்வு வசதியை எடுத்துவிட்டது. அவர்கள் இன்ஸ்டகிராமில் நேயர்கள் போட்ட படங்களை எண்ணி, வான்ஸ் ஜாயின் ‘ரிப்டைட்’தான் என்றார்கள். அதுவும் பலித்தது.

இவ்வளவு சிறிய கூறிலிருந்து முடிவைச் சொல்ல முடிகிறதென்றால் வாக்காளர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று சிலர் முடிவுகட்டினார்கள். அது சற்று அவசர முடிவு. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் போதிய இடைவெளி இருந்தால், பலவகை மக்கள் கூட்டத்திலும் சிறிய மாதிரி சரியாகவே சொல்லும். தேர்தல் கருத்துக்கணிப்புகள் அப்படித்தான் இயங்குகின்றன. இந்த நிகழ்வு உறுதியாகக் காட்டுவது ஒன்றுதான்: தேர்வை ஊரறியப் பகிர்பவர்களும் வாக்களிப்பவர்களும் பெருமளவு ஒரே கூட்டத்தினர்.

வானொலியின் பிடியைப் பற்றிய சான்றுகளும் ஒரே திசையில் போகவில்லை. 2011-இல் கோட்டியேயும் கிம்ப்ராவும் பாடிய பாட்டு முதலிடம் பெற்ற பிறகுதான், 2012 ஏப்ரலில், அமெரிக்கத் தரவரிசையின் உச்சிக்குப் போனது. 2020-இல் வென்ற கிளாஸ் அனிமல்ஸின் ‘ஹீட் வேவ்ஸ்’ அந்த உச்சியைத் தொட்டது 2022 மார்ச்சில். இவை நிலையத்தின் காது கூர்மையானது என்பதற்கும், அதன் நேயர்கள் அதைப் பின்தொடர்ந்தார்கள் என்பதற்கும் சான்று. 2024 பட்டியல் வேறு கதை சொல்கிறது. ஆண்டு முழுதும் உள்ளூர் இசைக்குப் பெரும்பங்கு தரும் வானொலியில், பல ஆண்டுகள் பட்டியலில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியப் பாடல்களே இருந்துவந்தன. அந்த ஆண்டு நூற்றில் 29 மட்டுமே. முதலிடம் அமெரிக்கரான சாப்பல் ரோனுக்கு. வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை மட்டும் ஒப்பிக்கும் மாணவர்களாக இருந்தால் இது நடந்திருக்காது. அவர்கள் வேறெங்கோ பாடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிரசாரமும் பகடியும்

வாக்கு என்று வந்தால் ஆள் திரட்டலும் வரும். இதற்கு மிகத் தெளிவான சான்று ஆஸ்திரேலியாவில் இல்லை, லண்டனில் இருக்கிறது. பிபிசி உலக சேவை தன் 70-ஆம் ஆண்டையொட்டி 2002-இல் உலகின் தலைசிறந்த பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டது. முதலிடம் வென்றது, வுல்ஃப் டோன்ஸ் என்ற ஐரிஷ் குழு பாடிய, 19-ஆம் நூற்றாண்டு தேசியப் பாட்டு. மின்னஞ்சல் வழிப் பிரசாரம் அதைத் தூக்கிவிட்டது. இரண்டாவது வந்தே மாதரம், மூன்றாவது பாகிஸ்தானின் ‘தில் தில் பாகிஸ்தான்’, நான்காவது ‘தளபதி’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘ராக்கம்மா கையத் தட்டு’. ஐந்தாவது இடத்திலும் ஒரு தமிழ்ப் பாட்டு, திருமலை சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’.

நம் ஊர்ப் பத்திரிகைகளும் மேடைகளும் நான்காம் இடத்தைச் சலிக்காமல் எடுத்துச் சொல்கின்றன. மேலே இருந்த மூன்றும் என்ன என்று சொல்வதில்லை. முதல் மூன்றுமே நாட்டுப்பற்றுப் பாடல்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த வாக்கெடுப்பு இசையைவிட அடையாளத்தை அளந்ததாகவே தோன்றுகிறது. இளையராஜாவின் அந்தப் பாட்டு அதனால் சிறியதாகிவிடாது. அதன் சிறப்புக்குப் பிபிசி வாக்கு சான்றாகாது, அவ்வளவுதான்.

டிரிபிள் ஜேயில் இந்தச் சிக்கல் 2015 ஜனவரியில் வெடித்தது. அந்த வானொலி ஒலிபரப்பவே செய்யாத டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஷேக் இட் ஆஃப்’ பாட்டுக்கு வாக்களிக்கும்படி ஓர் இணைய ஊடகச் செய்தியாளர் பிரசாரம் கிளப்பினார். பாதி வேடிக்கை, பாதி விமர்சனம். மாற்று இசை என்ற பெயரில் இளம்பெண்கள் விரும்பும் பாப் இசையை இளக்காரம் செய்கிறார்கள் என்பது அந்த விமர்சனம். ஒரு வறுத்த கோழி நிறுவனமும் விளம்பரத்துக்காக இதில் குதித்தது. நிலையம் அந்தப் பாட்டைத் தகுதி நீக்கியது. நீக்கியிராவிட்டால் 12-ஆம் இடம் பெற்றிருக்கும் என்பது பின்னர் தெரியவந்தது.

அந்த முடிவு சரியா? நிலையத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. வாக்கெடுப்பைக் கேலிக்கூத்தாக்கும் முயற்சிகளைத் தடுக்க விதிகள் முன்பே இருந்தன. ஆனால் கேலி எது, அன்பு எது என்று யார் பிரிப்பது? 1993-இல் முதல் ஆண்டுப் பட்டியலை வென்றதே நகைச்சுவை நடிகர் டெனிஸ் லியரியின் ஒரு பகடிப் பாட்டு. 2021-இல் வென்றது த விகிள்ஸ், அதாவது சின்னக் குழந்தைகளுக்காகப் பாடும் குழு. டிரிபிள் ஜேயின் சொந்த நிகழ்ச்சியில் அவர்கள் டேம் இம்பாலாவின் ‘எலிஃபன்ட்’ பாட்டைத் தங்கள் பாணியில் பாடினார்கள். வாக்காளர்கள் விளையாட்டாகப் போட்டார்களா? இருக்கலாம். ஆனால் 1991-இல் தொடங்கிய அந்தக் குழுவைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் அப்போது வாக்குப் போடும் வயதில் இருந்தது. அந்த வாக்கில் கேலியைவிட வாஞ்சை கூடுதல் என்று எண்ண இடமிருக்கிறது. ஆக, வீட்டுக்குள் பிறந்த வேடிக்கை செல்லும், வெளியிலிருந்து வந்த வேடிக்கை செல்லாது. எது வேடிக்கை என்று பார்த்ததைவிட, எங்கிருந்து வந்தது என்று பார்த்ததே முடிவைத் தீர்மானித்ததாகத் தோன்றுகிறது.

ஸ்விஃப்டை வாசலில் நிறுத்திய அதே பட்டியலின் முதலிடத்தில் 2019-இல் பில்லி ஐலிஷ், 2023-இல் டோஜா கேட், 2024-இல் சாப்பல் ரோன். பத்தே ஆண்டுகளில் பாப் இசைக்கும் இந்த வானொலிக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்துவிட்டது. இடித்தது நிலையமா நேயரா என்பதற்குத்தான் தெளிவான விடை இல்லை.

பட்டியலில் இல்லாதவர்கள்

பில்லி ஐலிஷ் வென்றபோது இன்னொரு கணக்கும் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை தனிப் பாடகியாக ஒரு பெண்கூட முதலிடம் பெற்றதில்லை. 1994-இல் வென்ற ‘ஸாம்பி’யைப் பாடியது டொலோரஸ் ஓ’ரியர்டன்தான், ஆனால் பெயர் த கிரான்பெரீஸ் குழுவின் பெயர். 2009-இல் எல்லாக் காலத்துக்குமான பட்டியல் ஒன்றை நடத்தியபோது நிலைமை இன்னும் மோசம். தனிப் பாடகி ஒருவர்கூட அதில் இல்லை. முதலிடம், 1991-லும் 1998-லும் எல்லாக் காலப் பட்டியல்களில் வென்ற அதே நிர்வாணா பாட்டுக்கு.

வாக்காளர்களில் ஆண்கள் அதிகமா என்று முதலில் கேட்கத் தோன்றும். பெண்களும் பெருமளவில் வாக்களிப்பதால் அது மட்டும் போதிய விளக்கமில்லை. எல்லாக் காலமும் என்று கேட்டால், மக்கள் தமக்குப் பிடித்ததை மட்டும் சொல்வதில்லை. ‘பெரியது’ என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பது ஓரளவு ஏற்கத்தக்க விளக்கம். நெதர்லாந்தின் ரேடியோ 2 நிலையம் 1999 முதல் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே நடத்தும் ‘டாப் 2000’ இதற்குத் துணை நிற்கிறது. அதில் பெரும்பாலான ஆண்டுகளில் குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்ஸடி’தான் முதலிடம். பாரிஸ் தாக்குதல்கள் நடந்த 2015-இல் ஜான் லெனனின் ‘இமாஜின்’ அதை முந்தியது. ஊர் உலகத்தில் பெரிதாக ஏதாவது நடந்தால் மனப்பாடம் கலைகிறது போலும்.

ஆண்டுப் பட்டியலும் எல்லாக் காலப் பட்டியலும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள் அல்ல. இரண்டும் வேறு வேறு கேள்விகள். இதைப் பிரிக்காமல் எழுதப்பட்ட விமர்சனங்கள் ஏராளம்.

எந்த நாளில் ஒலிப்பது?

1990-களின் பிற்பகுதியிலிருந்து பட்டியல் பெரும்பாலும் ஜனவரி 26 அன்றே ஒலித்துவந்தது. அது ஆஸ்திரேலிய தினம், விடுமுறை நாள். வீட்டு முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டு கூட்டமாகக் கேட்பது வழக்கமாயிற்று. 1788-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னியில் கரையிறங்கிய நாள் அது என்பதால் பூர்வகுடி மக்களுக்கு அது துக்க நாள். அதைப் பற்றியே ஏ.பி. ஒரிஜினல் என்ற பூர்வகுடி ராப் குழு பாடிய பாட்டு 2016 பட்டியலில் 16-ஆம் இடம் பெற்று, அதே தேதியில் ஒலித்தது. மறு ஆண்டு நிலையம் நேயர்களைக் கேட்டது. 60 விழுக்காட்டினர் மாற்றத்தை ஆதரித்தார்கள். 2018 முதல் பட்டியல் ஜனவரியின் நான்காம் வார இறுதிக்குப் போனது. தகவல் தொடர்பு அமைச்சர் வெளிப்படையாகக் கண்டித்தார்.

இதிலிருந்து ஒரு தரப்பார், பட்டியலில் என்ன இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதுதான் முதன்மை என்கிறார்கள். சடங்கு என்று கொண்டால் சரியான வாதம். ஆனால் சடங்கு மட்டுமே என்றால் முதலிடத்துக்காக இவ்வளவு சண்டை ஏன் என்பதை அது விளக்கவில்லை.

இன்னும் தீராதவை

கிடைக்கும் சான்றுகளை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவு. நேயர் வாக்கு நாட்டின் ரசனையை அளக்கவில்லை. நிலையத்தின் வெறும் எதிரொலியும் அல்ல. ஒன்றாக எண்ணப்பட விரும்பும் ஒரு கூட்டம் எதில் உடன்படுகிறது என்பதை அது காட்டுகிறது. அந்தக் கூட்டத்தின் எல்லையை, எந்தப் பாட்டு செல்லும், எந்தக் காலம், எத்தனை வாக்கு என்ற விதிகள் வழியாக, வரைவது நிலையம். பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட இந்த விதி வகுக்கும் அதிகாரமே பெரிது என்பது இக்கட்டுரையின் கணிப்பு. விமர்சகர்கள் முதலாவதைப் பற்றி எழுதிய அளவு இரண்டாவதைப் பற்றி எழுதவில்லை.

திறந்தே கிடப்பவை இரண்டு. பாட்டை வானொலி தேர்ந்து தந்த காலம் போய், கைப்பேசிச் செயலி தேர்ந்து தரும் காலத்தில் வாக்களிப்பவரை அந்த வானொலியின் நேயர் என்று அழைக்கலாமா? 2024-இன் 29 என்ற எண் ஓராண்டின் விபத்தா, திருப்பமா என்று சொல்ல இன்னும் சில ஆண்டுப் பட்டியல்கள் தேவை. பகடி வாக்குக்கும் பற்று வாக்குக்கும் இடையே எண்ணிக்கையில் ஏதேனும் வேறுபாடு தெரியுமா என்பது அடுத்தது. தனிப் பாடலுக்கு விழுந்த வாக்குகள் ஆண்டு முழுதும் அதைக் கேட்டவர்களிடமிருந்து வந்தனவா, கடைசி வாரத்தில் குவிந்தனவா என்று பார்த்தால் ஓரளவு விளங்கும்.

அப்படிப் பார்க்க வழியில்லை. மொத்த வாக்கு எத்தனை என்று அறிவிக்கும் டிரிபிள் ஜே, பாட்டுவாரியாக எத்தனை என்பதை வழக்கமாக வெளியிடுவதில்லை. வரிசை தெரியும், இடைவெளி தெரியாது. அரசு நிதியில் நடக்கும் நிலையம் அது. ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்ளும் வாக்கெடுப்பில் எண்ணிக்கையையும் பொதுவில் வைக்க வேண்டும். குறைந்தது, பத்தாண்டு கழிந்த பட்டியல்களுக்காவது.